இருபது நிமிஷம் முன்னால்

டெப்போவில் அவளைப் பைலட்டம்மா என்று கூப்பிடுவார்கள். இதை வைத்துக்கொண்டு அவளுடைய மாமியார் தெருவில் அடித்த கூத்து தனிக்கதை. மருமகள் விமானம் ஓட்டுகிறாள் என்று அந்த அம்மாள் ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்லை. பைலட் என்று மட்டும் சொல்லுவார். கேட்டவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தால், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சும்மா இருந்துவிடுவார். ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி, கிரீஸ் அப்பிய மேல்சட்டையோடு சைக்கிளில் வந்து இறங்கியவளை நிறுத்தி, "ஏம்மா, உங்க விமானத்துல இவ்வளவு கரியா?" என்று கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது.

விஷயம் இதுதான். மலைப்பாதையில் காலை முதல் ரயில் ஏறுவதற்கு முன்னால், ஒற்றை இஞ்சின் ஒன்று தன்னந்தனியாகப் போகும். பின்னால் ஒரு பெட்டி கிடையாது, ஏறுவார் இறங்குவார் கிடையாது. ராத்திரி பெய்த மழையில் மேலேயிருந்து கல் உருண்டிருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவதுதான் அதன் வேலை. அதற்குப் பைலட் இஞ்சின் என்று பெயர். ஒவ்வொரு ஸ்டேஷனைத் தாண்டியதும் அதை ஓட்டுகிறவர் ரேடியோவில் "வழி சரி" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்தால்தான், இருபது நிமிஷம் பின்னால் வருகிற ரயில் அந்தப் பாதைத் துண்டுக்குள் மூக்கை நீட்டலாம். இவ்வளவு முக்கியமான வண்டிக்குக் கால அட்டவணையில் ஒரு வரிகூட கிடையாது. யாரும் கையாட்டுவதும் கிடையாது. பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்ததும் மூட்டையைத் தூக்குவார்கள். பெட்டியே இல்லை என்று தெரிந்ததும் அதை ஓட்டுகிறவளை முறைத்துவிட்டு மூட்டையைக் கீழே வைப்பார்கள். பதினோரு வருஷமாக அவள் இந்த முறைப்பை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வேலையை டெப்போவில் தண்டனை மாதிரி ஒருவர் தலையில் மற்றவர் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், போர்மேன் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். அவள் அப்போது ஷெட்டுக்குள் இஞ்சின்களை இப்படியும் அப்படியும் நகர்த்துகிற வேலையில் இருந்தாள். உட்காரச் சொல்லி அவர் ஒரு ஸ்டூலைக் காட்டினார். அவள் ஸ்டூலை ஆட்டிப் பார்த்தாள், ஒரு கால் குட்டையாக இருந்தது, கீழே கிடந்த அட்டைத் துண்டை மடித்து முட்டுக்கொடுத்தாள், பிறகு உட்கார்ந்தாள். போர்மேன் அந்த ஸ்டூலில் நாலு வருஷமாக ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே ஆர்டர் போட்டுவிட்டார்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள். தண்டவாளத்துக்கு ஓரமாகக் கிடக்கிற கல்லின் முகம் பாசி பிடித்துக் கறுத்திருந்தால் அது அங்கேயே குடியிருக்கிற கல், அதைப் பற்றிக் கவலையில்லை. உடைந்த முகம் வெளுப்பாக இருந்தால் அது நேற்று வந்த கல். அது வந்த வழியில் அதன் சொந்தக்காரர்கள் இன்னும் மேலே இருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாவது சுரங்கத்தின் வாசலில் மழைக்காலத்தில் இரண்டு இடத்தில் தண்ணீர் சொட்டும், மூன்றாவது இடத்தில் சொட்டினால் விசாரிக்க வேண்டும். இதெல்லாம் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அவள் தலைக்குள் இருந்தது.

பக்கத்து இருக்கையில் அவளுடைய உதவி டிரைவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனுஷர், பட்டப்பெயர் ஆமாஞ்சாமி. இந்தப் பெயர் அவருக்கு யாரும் யோசித்து வைத்ததில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மழை வரும் என்றால் ஆமாம் என்பார். வராது என்றாலும் ஆமாம் என்பார். சம்பளம் போதவில்லை என்று யூனியன்காரர் சொன்னாலும் ஆமாம், போதும் என்று அதிகாரி சொன்னாலும் ஆமாம். முப்பது வருஷ சர்வீஸில் அவருக்கு ஒரு எதிரிகூட இல்லை.

பின்னால் வருகிற ரயிலை ஓட்டுகிறவர் அவள் புருஷன். அவருக்குக் கடிகாரம் என்று பெயர். நேரம் தவறாதவர் என்று சொன்னால் போதாது. நேரம் தவறுகிறவர்களைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றைப் பிரட்டும். இருவருக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம். காலையில் அவள் சைக்கிளை எடுத்து இருபது நிமிஷம் கழித்து அவர் சைக்கிளை எடுப்பார். அவள் இஞ்சின் கிளம்பி இருபது நிமிஷம் கழித்து அவர் ரயில் கிளம்பும். மேலே உச்சி ஸ்டேஷனில் அவள் டீ குடித்து முடிக்கும்போது அவர் வந்து இறங்குவார். இவர்கள் குடும்பம் நடத்துவதே இருபது நிமிஷ இடைவெளியில்தான் என்று டெப்போவில் கேலி பேசுவார்கள். மாமியாருக்கு இதில் ஒரே குறைதான். "புருஷனுக்கு முன்னால போறவ, திரும்பி ஒரு தடவை பாக்கக்கூடாதா" என்பார். மலைப்பாதையில் இருபது நிமிஷத்துக்கு முன்னால் எதைத் திரும்பிப் பார்ப்பது என்று அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

ரேடியோவில் சொந்த விஷயம் பேசக்கூடாது என்று கறாரான விதி. ஒரே ஒரு தடவை அவள் அதை மீறினாள். இரண்டாவது ஸ்டேஷனைத் தாண்டி, "வழி சரி" என்று சொன்ன கையோடு, "அடுப்புல உங்களுக்குப் பால் வெச்சுட்டு வந்தேன், அணைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மலைப்பாதையில் ஆறு ஸ்டேஷன், ஒரு கன்ட்ரோல் அறை, எல்லா இடத்திலும் ஸ்பீக்கர். எல்லாரும் கேட்டார்கள். பிறகு கடிகாரம் கணீரென்று, "அணைக்கப்பட்டது" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு, அவள் இஞ்சின் எந்த ஸ்டேஷனுக்குள் நுழைந்தாலும் ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியோடு வந்து, "பால் எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தார்.

இப்படிக் கேலியும் கிண்டலுமாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் ஒரே ஒரு பெரிய ஆசை இருந்தது. அது கடிகாரத்தினுடையது. மலைப்பாதை டிரைவர் ஒருவர் ஒரு முழு வருஷம் ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் ரயிலைக் கொண்டு சேர்த்தால், கீழே சமவெளியில் ஓடுகிற எக்ஸ்பிரஸுக்கு எடுத்துக்கொள்வார்கள். பத்து நிமிஷம் வரை மன்னிப்பு உண்டு. பதினோராவது நிமிஷம் யாரால் வந்தது, எதனால் வந்தது என்று கேட்க மாட்டார்கள். மலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஊர்ந்தே வயதான மனுஷர், ஒரு தடவையாவது நேர்க்கோட்டில் நூறுக்கு மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருபத்திரண்டு வயதிலிருந்து ஆசைப்பட்டார். முந்தின வருஷம் பத்தாவது மாதத்தில் ஒரு எருமை கெடுத்தது. அதற்கு முந்தின வருஷத்தை, பாதி வழியில் தொப்பி பறந்துவிட்டது என்று சங்கிலியை இழுத்த ஒரு அதிகாரி கெடுத்தார். இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு, ஏனென்றால் ஐம்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள், அவருக்கு அடுத்த மாதம் ஐம்பது.

முன்னூற்று ஐம்பத்தொன்பது நாள் முடிந்திருந்தது. இன்னும் ஆறு நாள்.

அவளுக்கு இதில் இரண்டு மனசு. அவர் போனால் வாரத்தில் மூன்று ராத்திரி வெளியூரில் தங்குவார். அவள் இஞ்சினுக்குப் பின்னால் வேறு யாரோ வருவார்கள், அவளுடைய "வழி சரி"க்கு வேறு யாரோ "கேட்டது" என்று ரேடியோவில் பதில் சொல்லுவார்கள். நினைத்தாலே அவளுக்கு என்னவோ செய்தது. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வருஷம் பிறந்த மாதத்திலேயே எக்ஸ்பிரஸ் டிரைவர்கள் தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைக்கக் கொடுத்தாள். நாலாவது மாதத்தில் அதற்குள் சோப்பு, துண்டு, தைலம் எல்லாம் போய்விட்டன. சோப்பு காய்ந்து வெடித்ததும் வேறு சோப்பு வாங்கி வைத்தாள்.

அந்த ஆறு நாளில் முதல் நாள் காலை, ராத்திரி முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. நாலாவது ஸ்டேஷனைத் தாண்டி, மூன்றாவது சுரங்கத்துக்கு முன்னால், மலையை வெட்டிப் பாதை போட்ட பள்ளத்தில் அவள் பிரேக்கை இழுத்தாள்.

"கல்லா?" என்றார் ஆமாஞ்சாமி.

"கல்லு இல்ல. மரமும் இல்ல. எல்லாம் நல்லா இருக்கு."

"ஆமா."

"அந்தக் கால்வாயைப் பாருங்க. தண்ணி இல்ல."

தண்டவாளத்துக்கு ஓரமாக மழைத்தண்ணீர் ஓட ஒரு கால்வாய் உண்டு. பக்கத்தில் எல்லாம் அது நுரைத்துக்கொண்டு ஓடியது. இந்த இடத்தில் மட்டும் ஐம்பது அடிக்கு வெறும் ஈரம். மேலேயிருந்து வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. ராத்திரி பூராவும் மழை. அந்தத் தண்ணீர் எங்கே போனது? தண்டவாளத்துக்கு அடியில் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டிருந்தால், மேலே இருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும், ரயில் ஏறுகிற வரைக்கும். அவளுடைய இஞ்சின் கனமில்லாதது, அது தாண்டிப் போய்விடலாம். ஏழு பெட்டியும் நானூறு பேரும் தாண்டுவார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மணி ஆறு ஐம்பது. ரேடியோவை எடுத்து, "பின்வண்டி நிற்கவும், வழி சரியில்லை" என்றாள். "கேட்டது. நிற்கிறேன்" என்று பதில் வந்தது. குரலில் ஒன்றும் தெரியவில்லை.

பாதையைப் பராமரிக்கிற கேங் ஆட்கள் பத்து நிமிஷத்தில் தள்ளுவண்டியில் வந்தார்கள். மேஸ்திரி கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்கு" என்றார். அவளுக்குத் திருப்தியில்லை. தண்ணீர் எங்கே போனது என்று தெரியாமல் வழி சரி என்று எப்படிச் சொல்வது? ரேடியோவை ஆமாஞ்சாமியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கால்வாய் வருகிற வழியே மேட்டில் ஏறினாள். வழுக்கியது, முழங்கால் வரை சேறு. நூற்றைம்பது அடி மேலே போன பிறகு பார்த்தால், எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஷீட் கால்வாயின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தண்ணீர் சமர்த்தாக வேறு பக்கம் திரும்பி, பாறை மேலே வழிந்து, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் ஓடையில் போய் விழுந்துகொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

அவள் இறங்கி வந்து "வழி சரி" என்று சொன்னபோது மணி ஏழு நாற்பது. கடிகாரத்தின் ரயில் முப்பத்தொரு நிமிஷம் தாமதமாக உச்சியை அடைந்தது. அவள் டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவர் இறங்கினார், டீயை வாங்கிக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கொடுத்தார். "என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். "பிளாஸ்டிக் ஷீட்டு" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய் இஞ்சினில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. அவர் சண்டை போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு அதுவும் இல்லை என்று நடமாடினார். மகனுக்கும் சேர்த்து மாமியார் பேசினார்.

"வருஷம் பூரா நிக்காத இஞ்சின், கடைசி வாரத்துலதான் நிக்கணுமா? அதுவும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு."

"எனக்கு அது ஷீட்டுன்னு தெரியாதே அத்தை."

"தெரியாமத்தான் நிறுத்தினியா? இல்ல, அவன் போயிடுவானேன்னு நிறுத்தினியா?"

மாமியார் பேச்சை அவள் எப்போதும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவள். இது மட்டும் உள்ளே நின்றுவிட்டது. ராப்பகலாக அதையே போட்டு உருட்டினாள். கால்வாய் காய்ந்திருந்தது நிஜம்தான். ஆனால் வேறு யாராவது பின்னால் வந்திருந்தால் மேஸ்திரி சொன்னதும் விட்டிருப்பாளோ? மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டுமென்று எந்த விதி சொல்லியது? அவரை அனுப்ப மனசில்லாத மனசு, தண்ணீரைச் சாக்காக வைத்து பிரேக்கை இழுத்துவிட்டதோ? பதினோரு வருஷமாகத் தன் கண்ணை நம்பியே வயிறு வளர்த்தவளுக்கு, அந்தக் கண்ணின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாரம் ஒவ்வொரு தடவை "வழி சரி" என்று சொல்வதற்கு முன்னாலும் வழியை இரண்டாவது தடவை பார்த்தாள்.

எட்டாவது நாள், உச்சி ஸ்டேஷனில், ஆமாஞ்சாமி அவளுக்கு டீ வாங்கி வந்தார். முந்தின நாளும் வாங்கி வந்தார். அதற்கு முந்தின நாள் டீயோடு ரொட்டியும் சேர்ந்து வந்தது. முப்பது வருஷத்தில் யாருக்கும் ஒரு டீ வாங்கித் தராத கை அது.

"என்னண்ணே, பலமான உபசாரமா இருக்கு. என்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?" என்று அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"ஆமா" என்றார்.

பழக்கதோஷம். சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது, ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் மேட்டில் ஏறிப் போன அஞ்சாவது நிமிஷம் கன்ட்ரோலர் ரேடியோவில் கூப்பிட்டிருக்கிறார். "மேஸ்திரி கெட்டியா இருக்குன்னு போன்ல சொல்றார். அப்ப வழி சரிதானே?" என்று கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போல, "ஆமா சார்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். உடனே கன்ட்ரோலர் பின்வண்டியைக் கூப்பிட்டு, "வழி சரியாம், மெதுவாகப் போகலாம், பொறுப்பு என்னுடையது" என்று உத்தரவே கொடுத்துவிட்டார். அப்போது மணி ஏழு பத்து. அந்த நேரம் கிளம்பியிருந்தால் கடிகாரம் மன்னிப்பு நேரத்துக்குள் உச்சிக்குப் போயிருக்கலாம்.

"அவர் கிளம்பலையா?" என்றாள் அவள்.

"கிளம்பலம்மா. யார் சொன்னது வழி சரின்னு, அவளான்னு கேட்டார். இல்ல, உதவி டிரைவர் சொன்னார்னு கன்ட்ரோலர் சொன்னார். அதுக்கு உன் வீட்டுக்காரர், 'அவர் எதுக்குத்தான் இல்லைன்னு சொல்லியிருக்கார்? முன்னால போனவ அவ. அவ வாயால சொல்லட்டும், அப்புறம் வரேன்'னுட்டார். கன்ட்ரோலர் ரெண்டாவது தடவையும் சொன்னார். உன் வருஷம் போயிடும்ப்பா, நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லாதன்னு சொன்னார். போகட்டும்னுட்டு ரேடியோவை வெச்சுட்டார்." ஆமாஞ்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லா ஸ்டேஷனுக்கும் தெரியும். உனக்கு மட்டும் சொல்ல வேணாம்னு அவர்தான் என்னைக் கேட்டுக்கிட்டார். நானும் சரின்னுட்டேன்."

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் இருபது நிமிஷம் காத்திருந்தாள். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, ஷூவைக் கழற்றப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் எதிரில் போய் நின்றாள்.

"கன்ட்ரோலர் போகச் சொன்னாராமே. ஏங்க போகல?"

அவர் ஷூக் கயிற்றை அவிழ்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார். "நீ சொல்லலியே" என்றார்.

"அப்ப எட்டு நாளா ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"வருத்தமா இருக்கு. அதான்."

"என் மேலயா?"

"யார் மேலன்னு தெரியல. பிளாஸ்டிக் ஷீட்டு மேல எவ்வளவு நாள் கோவப்படறது? நூறுல ஓட்டணும்னு நெனச்சேன், இனிமே இல்ல. அந்த வருத்தம் ஆறுற வரைக்கும் ஆறட்டும்னு பேசாம இருந்தேன். கன்ட்ரோலர் போகச் சொன்னதை உன்கிட்ட சொன்னா, அடுத்த தடவை பிரேக்கைப் பிடிக்கிறப்ப என்னை நெனச்சுப்ப. அது கூடாது."

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எட்டு நாளாக உள்ளே கிடந்ததை அப்படியே போட்டு உடைத்தாள். "எனக்கே தெரியலைங்க. தண்ணிக்காக நிறுத்தினேனா, நீங்க போயிடுவீங்களேன்னு நிறுத்தினேனான்னு. அத்தை கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

கடிகாரம் எதையும் யோசிக்காமல் சொல்கிறவர் இல்லை. கழற்றிய ஷூ இரண்டையும் ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்தார். பிறகு சொன்னார்.

"நீ அப்படி நிறுத்தறவளா இருந்தா, ஆறு நாள் இருக்கறப்பவா நிறுத்துவ? முதல் வாரத்துலயே நிறுத்தி வேலையை முடிச்சிருப்ப."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது, அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. என்ன சத்தம் என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அவர் குரல் கொடுத்தார். அவள் அவர் பக்கத்தில் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டிருந்தது. "காலைல அந்தக் கால்வாயை ஒரு தடவை பாத்துடு" என்றார் அவர். "பாக்கறேன்" என்றாள்.